பரோட்டா மாவில் சுட்ட பட்டை மஃபின்

அன்பு மகனே,

எல்லாரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் இப்போது எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அதனால் அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் நீ போனில் கேட்டாய், "மலரு எங்களக் கேக்குறாளாம்மா?" என்று. "ஒரு வாட்டிகூட கேக்கலடா. உன் பொண்ணு எங்கிட்ட ஒட்டிக்கிட்டா" என்றேன். நீ பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. "அப்ப டிக்கெட்டப் போடச் சொல்லிடறேம்மா" என்றாய். நானும் "போடு, போடு" என்றேன். அந்தப் பதிலை நான் இப்போது திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏன் என்று ஒரு வரியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் வீடு ஒரே அறை, குழந்தை காதில் விழும். நான் கொஞ்சம் சுற்றி வளைத்தாலும் நீ "சீக்கிரம் சொல்லும்மா" என்பாய். அதனால் மலர் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியிடம் டிவி பார்க்கப் போகிற நேரமாகப் பார்த்து, அவளுடைய பழைய நோட்டில் மிச்சமிருக்கிற தாள்களில் எழுதுகிறேன். இது மூன்றாவது நாள். நிதானமாகப் படி.

நீ சொன்ன ஏற்பாட்டை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் மஸ்கட்டில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. அவளுக்கு நர்ஸ் வேலை, உனக்கு லேப்பில். ஆனி மாதம் கிளம்ப வேண்டும். முதல் ஒரு வருஷம் குழந்தையை அழைத்துப் போக முடியாது. அதுவரைக்கும் மலர் இங்கே கடலூரில் என்னிடம் இருக்க வேண்டும், மஞ்சக்குப்பத்தில் இரண்டாங்கிளாஸ் சேர்த்துவிடுவது. அதற்கு முன்னால் இந்த மே மாத லீவில் என்னோடு இருந்து பழகிப் பார்க்கட்டும், ஒத்துவந்தால் சரி, இல்லையென்றால் வேறு யோசிப்போம் என்றாய். "ஒத்துவந்தால்" என்று நீ சொன்னதை நான் அப்போது காதிலேயே வாங்கவில்லை. பேத்தி வருகிறாள் என்பது மட்டும்தான் என் தலையில் ஏறியது. தேவனாம்பட்டினத்தில் எங்களுக்கெல்லாம் சுனாமிக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த இந்த வீட்டு வரிசை முழுக்க, ஒரு வாசல் விடாமல் சொல்லிவிட்டு வந்தேன். இங்கிலீசில் பேசுகிற பேத்தி, கப்பலை அப்படியே படமாகப் போடுகிற பேத்தி, இனிமேல் என்னோடுதான் இருக்கப் போகிறாள் என்று.

அவளும் அப்படித்தான் இருந்தாள். காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டி வைப்பாள். நெத்திலிக் குழம்பு வைத்தால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடுவாள். "காரமா இருக்கா கண்ணு?" என்றால், "நல்லா இருக்கு ஆயா." முதுகு தேய்த்துக் குளிப்பாட்டினால் கண்ணில் சோப்பு போனாலும் நல்லா இருக்கு. கருவாடு காய்கிற நாற்றத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாலும் நல்லா இருக்கு. கஸ்தூரி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யக்கா, என் வூட்ல ரெண்டு இருக்குதே, காலைல எழுந்தா கோழிச் சண்டதான். இது என்னா யக்கா, ஆபீசர் கணக்கா இருக்குது" என்றாள். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிட்டது. "வளர்ப்பு அப்புடி" என்றேன். யார் வளர்ப்பு என்று அவள் கேட்கவில்லை.

நாலாவது நாள் சனிக்கிழமை. "உனக்கு என்னா வேணும், ஆயா செஞ்சி தரேன்" என்றேன். "எதா இருந்தாலும் ஓகே ஆயா" என்றாள். நான் விடவில்லை. "சரி, சனிக்கிழமன்னா உங்கம்மா என்னா செய்வா?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள் போல, அது எனக்கு அப்போது புரியவில்லை. அப்புறம் மெதுவாக, "மஃபின். பட்டை மஃபின்" என்றாள்.

"பட்டையா? பிரியாணில போடுற பட்டையா?"

"ஆமா ஆயா."

"அத எதுக்குடி இனிப்புல போடறது?"

"தெரியல. ஆனா வாசனையா இருக்கும்." பேச ஆரம்பித்ததும் அவள் கை தானாக ஆடியது. "மாவ வூட்ல பிசையக் கூடாது ஆயா. அம்மாவுக்கு டூட்டி இருக்குல்ல, டைம் இருக்காது. கடையில ரெடியா பிசைஞ்சி வச்சிருப்பாங்க, அத வாங்கிட்டு வந்துடுவாங்க. குட்டிக் குட்டியா கிள்ளி, உருக்குன வெண்ணெயில முக்கி, சக்கரையும் பட்டைத் தூளும் கலந்து வச்சிருக்கிற தட்டுல பொரட்டணும். அது என் வேல. ஒரு கப்புக்குள்ள ஆறு உருண்டை. ஓவன்ல வச்சா எல்லாம் உப்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சூட்டோட பிச்சிப் பிச்சி சாப்புடணும்."

"பிச்சித்தான் திங்கணும்னா எதுக்கு ஒட்ட வைக்கணும், தனித்தனியாவே சுட்டா ஆவாதா?"

சிரித்தாள். இங்கே வந்து அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது போதும் என்றாகிவிட்டது. இன்றைக்கே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பலகாரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏழு வருஷமாக என் பையில் அது வந்துகொண்டிருக்கிறது. நீ ஸ்டெல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டது சுனாமிக்கு மறு வருஷம். வீடு போய், படகு போய், நிவாரணக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து, "ஒரு பொண்ணப் புடிச்சிருக்கும்மா, வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க" என்றாய். கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்றேன், வரவில்லை. அதோடு நிற்காமல், உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன், ஒரு ராத்திரி தங்க மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். மலர் பிறந்த பிறகு அண்ணாமலை நகரில் உன் வீட்டுக்கு வர ஆரம்பித்தேனே தவிர, சொன்ன சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை. காலையில் வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ஸ்டெல்லா ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கிளம்பும்போது ஒரு டப்பாவில் அந்த மஃபினைப் போட்டு, "பஸ்ல பசிச்சா சாப்பிடுங்க அத்தை" என்று பையில் வைப்பாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற பெண்ணிடம் அதைக் கொடுத்துவிடுவேன். டப்பாவைக் கழுவி அடுத்த தடவை கொண்டுவந்து தருவேன். "நல்லா இருந்துச்சா அத்தை?" என்பாள். "நல்லா இருந்துச்சு" என்பேன். ஒரு தடவைகூட அதை வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

அதனால்தான் அந்த முதல் கூத்து நடந்தது. கடையில் பிசைந்து வைத்த மாவு, உருண்டை என்றதும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாயங்காலம் முனையில் இருக்கிற பரோட்டாக் கடைக்கு மலரையும் கூட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் அப்போதுதான் எண்ணெயில் ஊறின உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். "ஒரு பத்து உருண்ட குடுப்பா, சுடாம, மாவா" என்றேன்.

"மாவாவா? ஏன் பெரிம்மா, வூட்ல வீச ஆள் வச்சிருக்கியா?"

"கேக்கு மாதிரி ஒண்ணு செய்யணும். பேத்தி கேட்டுச்சு."

"பரோட்டா மாவுல கேக்கா! அப்ப நான் நாளைக்குக் கேக்கு மாவுல பரோட்டா போட்டுப் பாக்கறேன், நீ சால்னா ஊத்திக்க வந்துடு." கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மலரும் மரியாதைக்குச் சிரித்தாள். இது அந்த மாவு இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும். அவளுடைய அம்மா வாங்குகிற மாவை எத்தனை தடவை கையால் கிள்ளியிருப்பாள்! ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஓவனுக்கு எங்கே போவது? கஸ்தூரிதான் வழி சொன்னாள். கடற்கரை மணலைக் கழுவிக் காயவைத்துப் பழைய அலுமினிய அண்டாவில் ஒரு சாண் கொட்டி, மூடி போட்டு அடுப்பில் காயவிட்டோம். வேர்க்கடலை வறுப்பதற்குப் போடுகிற மாதிரிதான். கப்புக்குப் பதில் சின்ன எவர்சில்வர் டம்ளர். பட்டையை நான் மசாலா இடிக்கிற உரலிலேயே இடித்தேன். உருண்டையைக் கிள்ளினால் அது ரப்பராக நீண்டு பழைய இடத்துக்கே திரும்பிப் போனது. எப்படியோ ஆறு ஆறாகத் திணித்து அண்டாவுக்குள் இறக்கினேன். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தபோது மேலே ஓடு, உள்ளே வேகாத மாவு, மூக்கில் ஏறுகிற மிளகாய்க் காரம். உப்பவும் இல்லை, ஒட்டவும் இல்லை. மலர் ஒரு துண்டைப் பிய்க்க இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. ரொம்ப நேரம் மென்றாள். "நல்லா இருக்கு ஆயா" என்றாள். இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பட்டணத்துப் பலகாரம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் வியாழக்கிழமைதான் நீ போன் செய்தாய், நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

டிக்கெட் என்று நீ சொன்ன சந்தோஷத்தில் மறுநாளே இன்னொரு தடவை செய்யலாம் என்று கிளம்பினேன். இந்தத் தடவை கஸ்தூரி, "பரோட்டாக் கட வாணாம் யக்கா, மஞ்சக்குப்பத்துல பேக்கரில பன்னு மாவு கேட்டுப் பாரு" என்றாள். மைதானத்துப் பக்கம் ஒரு பேக்கரியில் கேட்டேன். பன்னுக்கு என்று பிசைந்து உப்பவைத்த மாவைப் பெரிய பையனின் தலை அளவுக்குக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். "வெயிலு ஜாஸ்தி, ஒரு மணி நேரத்துக்குள்ள சுட்டுடும்மா, இல்லன்னா புளிச்சிடும்" என்றார் கடைக்காரர். ஓட்டமாக வந்தேன். தொட்டால் விரல் உள்ளே போய்த் திரும்பி எழும்பும், கைக்குழந்தையின் கன்னம் மாதிரி ஒரு மாவு. பாதியை ஈரத்துணி சுற்றிக் கஸ்தூரி வீட்டு பிரிட்ஜில் வைத்துவிட்டு, பாதியைக் கிள்ளினோம். பட்டையை இந்தத் தடவை தனியாக மிக்சியில் அரைத்தேன். மலர் பொரட்டினாள், நான் டம்ளரில் அடுக்கினேன். அண்டாவைத் திறந்தபோது, அடேயப்பா, டம்ளருக்கு மேலே பூ மாதிரி எழும்பி, ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு, செக்கச்செவேலென்று நின்றது. வாசனை தெருவுக்குப் போயிருக்கும். மலர் கை தட்டினாள்.

ஒன்றை முழுசாகச் சாப்பிட்டாள். இரண்டாவதில் பாதி சாப்பிட்டாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். "நல்லா இருக்கு ஆயா" என்றாள். நான் மிச்சத்தைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, காட்ட வேண்டுமே, கஸ்தூரியிடம் ஓடினேன். அவள் ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாசலுக்கு ஓடிப் போய்த் துப்பினாள். "யக்கா! கருவாட்டுக்குத் தடவுற உப்பையா கொட்டின?"

உனக்குத் தெரியும், என் வீட்டில் சர்க்கரை டப்பாவும் உப்பு டப்பாவும் ஒரே மாதிரி. வாளை மீனைக் கீறித் தடவுவதற்கு உப்பைப் பொடியாக இடித்து வைத்திருப்பேன், பார்வைக்கு அசல் சர்க்கரைதான். அதைத்தான் எடுத்திருக்கிறேன். நானும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தேன். நாக்கு வெந்துபோனது. கஸ்தூரி சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தக் குழந்தை ஒன்றரை சாப்பிட்டிருக்கிறாளே.

வீட்டுக்கு வந்தேன். மலர் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "கண்ணு, அது உப்பா இருந்துச்சா?" என்றேன். டம்ளரையே தேய்த்துக்கொண்டிருந்தாள். "இருந்துச்சா இல்லியா, சொல்லு." தலையை ஆட்டினாள். "அப்ப ஏன் நல்லா இருக்குன்னு சொன்ன?" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவள் பயந்துபோய்ச் சொன்னாள், "நான் சாப்ட்டுட்டேன்ல ஆயா? கொட்டலியே? அப்புறம் ஏன் கோச்சிக்கிறீங்க?" நான் உட்கார்ந்து அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. "அப்பா சொல்லியிருக்காங்க. ஆயாகிட்ட அடம் பிடிக்கக் கூடாது, எது குடுத்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும், அழக் கூடாது. சமத்தா இருந்தா சீக்கிரமா வந்து கூட்டிட்டுப் போவாங்க. அடம் பிடிச்சா லேட் ஆகும்." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லாதீங்க ஆயா. லேட் ஆயிடும்" என்றாள்.

மகனே, உன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. உனக்கு எட்டு வயசில், இங்கே பள்ளிக்கூடம் சரியில்லை என்று சிதம்பரத்தில் உன் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் நின்று உன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, "மாமா வூட்ல சமத்தா இருடா, அம்மா சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று சொன்னது யார்? சீக்கிரம் என்பது அஞ்சு வருஷம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை மீன் எடுத்துக்கொண்டு வருவேன். "எப்புடிடா இருக்க?" என்பேன். "நல்லா இருக்கேம்மா" என்பாய். உன் மாமியும், "புள்ள இருக்கற எடம் தெரியல அண்ணி" என்பாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். ஒரு தடவை பஸ் நகர ஆரம்பித்த பிறகும் நீ படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்து வந்தாய். கண்டக்டர் கையைத் தட்டிவிட்டார். விளையாடுகிறாய் என்று நினைத்தேன். நான் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்ததா, இப்போது எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. நீ படித்து முன்னுக்கு வந்துவிட்டாய், அதனால் நான் செய்தது சரி என்று இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் நீ அங்கே எப்படி இருந்தாய் என்று, நீ வளர்ந்து மீசை வைத்த பிறகுகூட, ஒரு தடவை உட்கார வைத்துக் கேட்டதில்லை. உன் மகளுக்கு நீ சொல்லிக் கொடுத்தது அங்கே படித்த பாடம்தானோ?

என் குழப்பம் இதோடு முடியவில்லை. மத்தியானம் தூங்கும்போது என் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குவாள். அது பாசமா, அதுவும் சமத்தா? என் தலையில் பேன் பார்த்தாளே, அது எதில் சேர்த்தி? இத்தனை நாளாக என்னோடு இருந்த குழந்தை யார் என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு நேரம் தோன்றுகிறது, எல்லாக் குழந்தையும் கொஞ்ச நாளில் பழகிவிடும், நான் வீணாகப் பெரிதுபடுத்துகிறேன் என்று. மஸ்கட் வேலை போய்விட்டால் நீ என்னைத்தான் சொல்வாய், அதுவும் நியாயம். இன்னொரு நேரம் தோன்றுகிறது, பழகிப் போவதுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று. நான் அவளைத் திருப்பி அனுப்புகிறேன் என்றால் தெருவில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற யோசனையும் நடுவில் வருகிறது. வெட்கத்தை விட்டு அதையும் எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் பிரிட்ஜில் வைத்த மிச்ச மாவை எடுத்தேன். சர்க்கரையை முதலில் நானே நக்கிப் பார்த்தேன். "ஆயாகிட்ட அடம் புடிக்கலாம், ஒண்ணும் லேட் ஆவாது. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லணும்" என்றேன். அவள் நம்பவில்லை. சுட்டு எடுத்ததும் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பிய்த்தோம். நானும் தின்றேன். மெத்தென்று, ஓரத்தில் சர்க்கரை பாகாகி ஒட்டிக்கொண்டு, இதையா ஏழு வருஷம் பூக்காரிக்குக் கொடுத்தேன் என்று இருந்தது. "எப்புடி இருக்கு?" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு துண்டை மென்றுவிட்டு, "சுமார்" என்றாள். "அடியில தீஞ்சிடுச்சு" என்றாள். அப்புறம், "பட்டை ஜாஸ்தி. அம்மா இவ்ளோ போட மாட்டாங்க" என்றாள். அம்மா என்று சொன்னதும் வாய் கோணிக்கொண்டது. அவ்வளவுதான். கையில் இருந்ததைத் தட்டிவிட்டு, தரையில் படுத்துப் புரண்டு, அம்மா வேணும், அம்மா வேணும் என்று ஒரு அழுகை. கஸ்தூரி பதறிக்கொண்டு வந்து, "என்னா யக்கா, புள்ள இப்புடி அழுவுது?" என்றாள். "அழுவட்டும்" என்றேன். வளர்ப்பு அப்படி என்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. சர்க்கரையும் கண்ணீருமாக என் புடவையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு தூங்கிப் போனாள். எழுந்து, தீயாத துண்டாகப் பொறுக்கி இன்னும் மூன்று தின்றாள். சாயங்காலம் கஸ்தூரியின் மகனை அடித்துவிட்டு வந்தாள்.

எனக்குத் தெரிந்த முடிவைச் சொல்கிறேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போகாதீர்கள். ஒருவர் முதலில் போங்கள், ஒருவர் சிதம்பரத்தில் குழந்தையோடு இருங்கள். யார் போவது, யார் இருப்பது என்று நீயும் ஸ்டெல்லாவும் பேசிக்கொள்ளுங்கள், அதில் நான் வாய் வைக்க மாட்டேன். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா, ஒருவர் வேலை போய்விடுமா, எனக்குத் தெரியாது. கேட்டுப் பார். இருக்கிறவர் டூட்டிக்குப் போகிற நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால், இந்த வீட்டைப் பூட்டிக் கஸ்தூரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நான் அங்கே வந்துவிடுகிறேன். பகலில் வந்து சாயங்காலம் ஓடுகிற வேலை இல்லை. தங்குகிறேன். ஸ்டெல்லா சமைத்ததைச் சாப்பிடுகிறேன். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை நாலு பேர் முன்னாலேயே விட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். பூக்காரியிடம் டப்பாவைக் கொடுத்த கதையை நீ அவளிடம் சொல்ல வேண்டாம். வந்து நானே சொல்கிறேன். அவள் என்ன சொல்வாள் என்று பயமாகத்தான் இருக்கிறது.

இது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெளியவில்லை. ஒரு தடவை தெளிவாக, நிச்சயமாக முடிவு எடுத்துத்தான் உன்னைக் கொண்டுபோய் விட்டேன். அதனால் இந்தத் தடவை தெளியாமலேயே எழுதுகிறேன்.

கடிதம் கிடைத்ததும் போன் செய். என்னிடம் பேச வேண்டாம், மலரிடம் கொடுக்கிறேன். சமத்தா இருக்கியா என்று மட்டும் அவளைக் கேட்காதே. வேறு எது வேண்டுமானாலும் கேள்.

உன் அம்மா